ஸ்டோர்த் தண்ணி

இந்தக் காலத்து ஜனங்களுக்கு வாய் இருக்கிற அளவுக்குக் கை இல்லை. ஒருத்தன் குனிந்து ரெண்டு பாத்தி கொத்தினால், பக்கத்தில் நின்று யோசனை சொல்ல எட்டுப் பேர் வருகிறார்கள். மண்வெட்டியைக் குடு, நான் நாலு கொத்துக் கொத்துகிறேன் என்று ஒருத்தரும் வருவதில்லை. முன்னே எல்லாம் இந்த வரிசை வீட்டு லயத்துக்குப் பின்னால் எவன் என்ன நட்டான் என்பது குழம்பில் வந்து விழும்வரைக்கும் அவன் பெண்சாதிக்கே தெரியாது. இப்போது ஒரு கத்திரி இலை சுருண்டால் பத்துக் காம்பரா வீட்டுக்கும் செய்தி போய்விடுகிறது.

பீலியடியில் தண்ணீருக்கு வரிசையில் நின்றுகொண்டு ஏழுமலைக் கிழவர் இதைத்தான் முணுமுணுத்தார். நாலு பேருக்குக் கேட்கட்டும் என்றுதான் முணுமுணுத்தார்.

மழை விட்டு நாற்பது நாள். யட்டியாந்தோட்டைப் பக்கத்தில் நாற்பது நாள் மழை இல்லையென்றால் அது சின்ன விஷயம் இல்லை. மாசி மாசத்து வழக்கப்படி ரப்பர் மரங்கள் இலையைக் கொட்டிவிட்டு மொட்டையாக நின்றன. லயத்துத் தகரக் கூரையில் வெயில் நேராக விழுந்தது. மலையிலிருந்து மூங்கில் வழியாகப் பீலிக்கு வருகிற தண்ணீர் சுண்டுவிரல் பருமனுக்கு இளைத்துப்போயிருந்தது. காம்பராவுக்கு ரெண்டு தகரம் தண்ணீர், முதலாம் நம்பரிலிருந்து முறை. ஏழுமலை இருந்தது எட்டாம் நம்பர். அவர் முறை வருவதற்குள் நின்ற கால் மரத்துப்போகும்.

"என்ன மாமா, தகரத்துக்குப் பேசக் கத்துக் குடுக்குறீங்களா?" என்றாள் முன்னால் நின்ற வெள்ளையம்மா.

வரிசையில் சிரிப்பு எழுந்தது. வெள்ளையம்மா ஏழாம் நம்பர்க்காரி. புருஷனைப் பறிகொடுத்துவிட்டுப் புளத்கொகுபிட்டியப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ரப்பர்ப் பால் வெட்டுக்காக இங்கே வந்து ஒரு வருஷம் ஆகிறது. பேச்சில் கால்வாசி சிங்களம். வந்த மூன்றாம் மாசமே ஏழுமலையின் பாத்திக்கு அடுத்த பாத்தியில் வட்டக்கா கொடி போட்டுவிட்டாள். பூசணியைத்தான் இந்தப் பக்கத்தில் வட்டக்கா என்பது. ரெண்டு பாத்திக்கும் நடுவே கிழவர் கட்டிய குச்சி வேலி.

"எனக்குத் தகரம் கேட்டாப் போதும்" என்றார் ஏழுமலை. "மத்தவங்க கேக்கணும்னு இல்ல."

சொன்னாரே தவிர அவருக்குச் சிரிப்பில் மனசு இல்லை. வெள்ளிக்கிழமை துரை வருகிறார்.

விஷயம் இதுதான். சீமையில் ரப்பர் விலை விழுந்துவிட்டதாம். எங்கே விழுந்தது, எவன் தள்ளினது என்று ஏழுமலைக்குத் தெரியாது. ஆறு நாள் இருந்த வேலை மூன்று நாளாகிவிட்டது மட்டும் தெரியும். செக்ரோல் என்கிற சம்பளப் பதிவில் பேர் இல்லாத கிழடு கட்டைகளை அக்கரைக்கு, இந்தியாவுக்கே, கப்பலேற்றப் பெரிய கங்காணி லிஸ்ட் எடுத்துக்கொண்டிருந்தார். ஏழுமலையின் பேர் செக்ரோலிலிருந்து போய் ரெண்டு வருஷம். கண் மங்கி, வெட்டுக்கத்தி பட்டையைத் தாண்டி மரத்தில் இறங்கிவிடுகிறது என்று தோட்டத்து மேற்பார்வைக் கண்டக்டர் நிறுத்திவிட்டார். அந்த மரங்களுக்குக் குழி வெட்டியவர்களில் ஏழுமலையும் ஒருத்தர். அதை எந்தக் கொப்பியிலும் யாரும் எழுதி வைக்கவில்லை.

ஒரே ஒரு வழி இருந்தது. தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகிற பிள்ளைக்காம்பராவில் கஞ்சிக்குக் காய்கறி போட வேண்டும் என்று துரை உத்தரவு போட்டிருந்தார். அதற்காக லயத்துக்கு ஒரு வயசாளியைத் தோட்டம் போட வைத்து, அவருக்கு அரைப்பேர் எழுதுவது என்று ஏற்பாடு. அரைப்பேர் என்றால் அரை நாள் சம்பளம், அதோடு அரிசி. செக்ரோலில் பேர் இருக்கிறவனை லிஸ்டில் சேர்க்க முடியாது. இந்த லயத்துக்கு ஏழுமலை என்று சொல்லியாகிவிட்டது. ஆனால் தோட்டத்தைத் துரை கண்ணால் பார்த்து, நல்லது என்று சொன்னால்தான் எழுத்து.

அக்கரையில் அவருக்கு யார் இருக்கிறார்கள்? எட்டு வயசில் வந்தது. மண்டபம் துறையில் இறக்கிவிட்டால் வலப்பக்கம் போவதா இடப்பக்கம் போவதா என்றுகூடத் தெரியாது. மகன் இருளப்பன் நல்லவன்தான். ஆனால் மூன்று நாள் சம்பளத்தில் பெண்சாதி, ரெண்டு குழந்தைகள், அப்பன் என்று எத்தனை வாய்க்குப் போடுவான்? வாய்விட்டுச் சொல்லவில்லை அவன். சோற்றைப் போடும்போது சட்டியை ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டுப் போட்டான். கிழவர் அதைப் பார்த்துக்கொண்டார்.

ரெண்டு தகரத் தண்ணீரில் சமையல் போக, பாத்திக்கு என்ன மிஞ்சும்? பயத்தங்கொடிகள் பந்தலில் ஏறுகிற சமயம். கத்திரி பூ எடுக்கிற சமயம். மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு நாள் வரிசையில் நிற்க முடியாமல் திரும்பி நடந்தபோதுதான் ஸ்டோர்க் கானை, அந்தக் கழிவு வாய்க்காலைப் பார்த்தார்.

ரப்பர் ஸ்டோர் லயத்துக்கு எதிர் மேட்டில். பாலை உறைய வைத்து, அழுத்தி, தகடாக்கிப் புகை போடுகிற இடம். ஏழுமலை இருபது வருஷம் பால் வெட்டியவர், ஆனால் ஸ்டோருக்குள் ஒரு நாளும் கால் வைத்ததில்லை. வெட்டுக்காரர்கள் வாசலில் வாளியைக் குடுத்து நிறுத்துப் போட்டதும் திரும்பிவிட வேண்டும். உள்ளே போனால் ஸ்டோர் ஐயா கத்துவார். ஆகையால் உள்ளே என்ன நடக்கிறது என்று அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. பால் தொட்டியில் இருக்கும், விடியும்போது உறைந்திருக்கும், தயிர் உறைகிற மாதிரி. உறைந்ததைத் தகடாக எடுத்துக்கொண்டு மிஞ்சின தண்ணீரைக் கானில் விடுகிறார்கள். வெள்ளையாக, புளிச்ச வாடையோடு கான் வழியே ஆற்றுக்குப் போகிறது.

மோர்த்தண்ணி! வெள்ளைக்காரனுக்கு அதன் அருமை தெரியாமல் ஆற்றில் விடுகிறான் என்று நினைத்தார். தகரத்தைப் போட்டு மொண்டார். வரிசை இல்லை, முறை இல்லை, பெண்பிள்ளைகளின் கேலி இல்லை.

முதல் வாரம் பயத்தங்கொடி சாண் சாணாக எழும்பியது. இலை கரும்பச்சை. இதை யாரும் பொய் என்று சொல்ல முடியாது, அவரே கண்ணால் பார்த்தார். ஒரு தகரத்துக்கு ரெண்டு தகரமாக ஊற்றினார். ரெண்டாம் வாரம் இலை ஓரம் மஞ்சள். மூன்றாம் வாரம் ஓரம் கருகி, பூ உதிர்ந்து, கத்திரிச் செடிகள் தலையைத் தொங்கப்போட்டன.

வேலிக்கு அந்தப் பக்கம் வெள்ளையம்மாவின் வட்டக்கா உள்ளங்கை அகல இலையோடு கொழுத்துக் கிடந்தது.

பிறகு என்ன சந்தேகம்? வேலிக்கு மேலே தினம் எட்டிப் பார்த்துவிட்டு, "அனே, மாமாட பயத்தங்கா எவ்வளவு உசரம்!" என்று சொன்னவள் யார்? அப்படிச் சொன்ன மறுவாரம்தானே மஞ்சள் விழுந்தது? ஏழுமலை ஒரு பழைய சட்டிக்குக் கரி பூசி, சுண்ணாம்பால் கண்ணும் பல்லும் எழுதி, கம்பில் கவிழ்த்து, கண் ரெண்டும் வெள்ளையம்மாவின் பாத்தியைப் பார்க்கிற மாதிரி நட்டார்.

புதன்கிழமை வேலை முடிந்து வந்தவள் அதைப் பார்த்தாள்.

"மாமா, உங்க பொம்ம என்னையவே பாத்துக்கிட்டிருக்கு. கல்யாணப் பேச்சா?"

"கண்ணு உள்ளவங்களப் பாக்கத்தான் வச்சிருக்கு."

"என் கண்ணா உங்க கொடியைக் கருக்குச்சு?"

"யார் கண்ணுன்னு நான் பேர் சொல்லல."

அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் குந்தி உட்கார்ந்து, வேலி இடுக்கில் கையை விட்டு, அவருடைய பாத்தியில் ஒரு பிடி மண்ணை எடுத்து மோந்து பார்த்தாள். முகம் சுளித்தது.

"இது ஸ்டோர்த் தண்ணியில்ல? இதையா ஊத்துறீங்க?"

"ஊத்துனா என்ன? பாலுத் தண்ணி."

"அனே மாமா! அதுல திராவகம் இருக்குங்க. அசிட். அத ஊத்தித்தான் பால உறைய வைக்கிறாங்க. நான் அங்கிட்டு இருக்கயில ஸ்டோருலதான் வேல. இங்க பாருங்க."

வலது கையை நீட்டினாள். மூன்று விரல்களின் நுனியில் தோல் வெளுத்து, வழுவழுவென்று, ரேகையே இல்லாமல் இருந்தது.

ஏழுமலை விரலைப் பார்த்தார். அவருக்கும் யோசிக்கத் தெரியும்.

"நான் இருபது வருஷம் வெட்டுனவன்" என்றார். "மரத்துல கட்டுற சிரட்டையில மிஞ்சுற பால் மறுநா காலையில என்னா ஆகுது? கட்டியாகுதா இல்லியா?"

"ஆகுது."

"அதுல எவன் வந்து திராவகம் ஊத்துனான்? முனியா?"

வெள்ளையம்மா கையில் ஒட்டின மண்ணைத் தட்டினாள்.

"அது தானா உறையிறதுங்க. தொட்டியில சீக்கிரம் உறையணும்னு..."

"தானா உறையிறதுக்கு எவனாவது காசு குடுத்து மருந்து வாங்குவானா? வெள்ளக்காரன் அவ்வளவு மடயனா?"

"உங்களோட பேசுறதுக்கு நான் பீலிக்கே போயிரலாம்" என்று எழுந்தாள். போகிறபோது திரும்பிச் சொன்னாள்: "இன்னிக்கும் நாளைக்கும் அத ஊத்தாதீங்க. வெள்ளிக்கிழம தொர வருது. என் பங்குத் தண்ணியில ஒரு தகரம் வைக்கிறேன், அத ஊத்துங்க."

வைத்தாள். வேலியோரத்தில் ஒரு தகரம் நிறையத் தண்ணீர். ஏழுமலை அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். ரெண்டே தகரம் கிடைக்கிற நாளில் ஒருத்தி ஒரு தகரத்தைச் சும்மா தருவாளா? இந்தக் காலத்தில்? விரலைவிட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். தண்ணீர் மாதிரித்தான் இருந்தது. அதிலே என்ன தெரியும்? கானுக்கும் போகவில்லை, அந்தத் தண்ணீரையும் ஊற்றவில்லை. பொழுதுசாய ஒரு நாய் வந்து பாதியைக் குடித்தது. நாய் சாகவில்லை என்பதையும் பார்த்துவைத்தார்.

வியாழக்கிழமை கொடி முழுக்கத் துவண்டுவிட்டது. மாலையில் இருளப்பன் பின்பக்கம் வந்து பாத்தியைப் பார்த்தான்.

"பெரிய கங்காணி கேட்டாருப்பா" என்றான் கடைசியில். "கப்பல்ல எத்தன பேருன்னு எழுதணுமாம். நாளைக்குச் சொல்றேன்னுட்டு வந்தேன்."

"சொல்லு. எனக்கென்ன?"

"அங்கிட்டு உங்களுக்கு ஆளில்லியே..."

"இங்கிட்டு மட்டும் என்ன இருக்கு? அங்கயும் மண்ணுதானே கெடக்கு."

சொல்லிவிட்டு உள்ளே போய்ச் சாக்கில் படுத்தார். உடம்பு வலி என்று சொல்ல முடியாது. எலும்புக்குள்ளே ஈரச் சாக்கை வைத்த மாதிரி ஒரு பாரம். நாற்பது, ஐம்பது வருஷம் குனிந்து நிமிர்ந்ததெல்லாம் சேர்ந்து வந்து உட்கார்ந்துகொண்டது.

வெள்ளிக்கிழமை அவர் எழும்பவில்லை. ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குத் தப்பு அடித்தது, இருளப்பன் போனான், மருமகள் போனாள். குழந்தைகளைப் பிள்ளைக்காம்பராவுக்குத் தூக்கிப்போனார்கள். யாரும் அவரை எழுப்பவில்லை. நல்ல வெயில் வந்த பிறகு பின்பக்கத்தில் மண்வெட்டிச் சத்தம் கேட்டது. அவருடைய பாத்திப் பக்கம்.

எழுந்து போனார்.

வேலி இல்லை. குச்சிகள் ஒரு கட்டாகக் கட்டிச் சுவரோரம் சாய்த்திருந்தது. கருகின பயத்தங்கொடி, கத்திரி எல்லாவற்றையும் பிடுங்கிக் குவித்திருந்தது. அவருடைய பாத்தி முழுவதும் கொத்தி, மண் புரட்டி, வெள்ளையம்மாவின் நாற்றங்காலிலிருந்து எடுத்த கத்திரிக் கன்றுகள் வரிசையாக நின்றன. அவளுடைய வட்டக்கா கொடிகள் நுனி நுனியாகத் தூக்கி இந்தப் பக்கம் படர விடப்பட்டிருந்தன. ஒன்றில் குழந்தையின் தலை அளவுக்குக் காய். ரெண்டு பாத்தி என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். பொம்மை மட்டும் நின்ற இடத்தில் நின்றது. அவள் அதன் முகத்தைக் காட்டுப் பக்கம் திருப்பியிருந்தாள்.

"யாரக் கேட்டு என் வேலியப் புடுங்குன?"

வெள்ளையம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். அன்றைக்கு அவளுக்கு வேலை இல்லாத நாள். முகமெல்லாம் வேர்வையும் மண்ணும்.

"சத்தம் போடாதீங்க மாமா. ரோட்டுல குதிர வருது."

வந்தது. துரை இறங்கிக் குதிரையைக் குதிரைக்காரனிடம் குடுத்தார். கூடவே கிளாக்கர் செல்வரத்தினம், யாழ்ப்பாணத்து ஆள், கக்கத்தில் கொப்பி, மற்றக் கையில் குடை. மனுஷன் கெட்டவரும் இல்லை, நல்லவரும் இல்லை. கொப்பியில் ஏறினது நடந்தது, ஏறாதது நடக்கவில்லை, அவ்வளவுதான் அவருக்கு.

துரை வட்டக்காயைப் பூட்ஸ் நுனியால் மெல்லத் தட்டிப் பார்த்தார்.

"நல்லம்" என்றார். "ரொம்ப நல்லம். யார் செய்றது?"

"எட்டாம் நம்பர் மாமாதானுங்க தொர" என்றாள் வெள்ளையம்மா. ஏழுமலைக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள். "நான் சும்மா கொஞ்சம் கை குடுக்குறதுங்க."

கிளாக்கர் குனிந்து தரையைப் பார்த்தார். குச்சி வேலி நின்ற இடத்தில் வரிசையாகச் சின்னச் சின்ன ஓட்டைகள்.

"இது போன மாசம் ரெண்டு பாத்தியா எல்லோ கிடந்தது?"

"பன்னி வருது, சேந்து காவக் காக்கணும்னு ஒண்ணாக்கிட்டோமுங்க ஐயா" என்றாள் வெள்ளையம்மா.

"ம்." அவர் ஓட்டையைக் கொப்பியில் எழுதவில்லை. ஆனால் வேறொன்றைக் கேட்டார். "அது போகட்டும். ஸ்டோர்க் கானுக்கை ஆரோ தகரம் வைச்சு அள்ளுறானெண்டு ஸ்டோர் ஐயா முறைப்பாடு சொல்லிப்போட்டார். அந்தத் தண்ணி பயிருக்கு நஞ்சு. அதை ஊத்திற ஆளிட்டைப் பிள்ளையளின்ரை கறித்தோட்டத்தைக் குடுக்கேலாது. ஏழுமலை, நீ என்ன தண்ணி ஊத்திறாய்?"

துரையும் கிழவரைப் பார்த்தார்.

ஏழுமலைக்கு அந்தக் கணத்தில் தொண்டைவரை வந்துவிட்டது. சிரட்டைப் பால், தானாக உறைவது, முதல் வாரத்துக் கரும்பச்சை, எல்லாம். இருபது வருஷம் வாசலிலேயே நிறுத்தி வைத்தார்களே, இன்றைக்கு அவர்களே கேட்கிறார்கள். சொன்னால் என்ன? ஒரு வெள்ளைக்காரனுக்கும் ஒரு கிளாக்கருக்கும் தெரியாததை அவர் சொல்லலாம்.

வெள்ளையம்மா திரும்பவில்லை. முதுகைக் காட்டித்தான் நின்றாள். கையை மட்டும் பின்னால் கட்டியிருந்தாள். வெளுத்துப்போன அந்த மூன்று விரலும் அவருடைய கண்ணுக்கு நேரே இருந்தன.

"பீலித் தண்ணிங்க" என்றார் ஏழுமலை.

"சத்தமாச் சொல்லு காணும்."

"பீலித் தண்ணிதாங்க ஐயா! முறைக்கு நின்னு புடிச்சது!"

கிளாக்கர் கொப்பியைத் திறந்து, பென்சிலை நாக்கில் தொட்டு எழுதினார். எழுதும்போதே வாசித்தார்: "ஏழுமலை, எட்டாம் நம்பர், அரைப்பேர்." துரை தலையை ஆட்டிவிட்டு அடுத்த லயத்துக்குப் போனார். குதிரை வழியோரத்தில் ஒரு கொத்துக் கீரையைக் கடித்துக்கொண்டு போனது.

அவர்கள் போன பிறகும் ஏழுமலை அதே இடத்தில் நின்றார். சந்தோஷப்பட வேண்டும் என்று அவருக்கே தெரியும். ஆனால் அலுப்புத்தான் வந்தது. மண்வெட்டிக் காம்பில் சாய்ந்துகொண்டார்.

"ஏம்மா" என்றார். "உனக்கு இதுல என்ன?"

"எதுல?"

"எவளும் சும்மா செய்யமாட்டா. வெளிப்படையாச் சொல்லிரு."

வெள்ளையம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "சொல்றேன். நீங்க கப்பலேறிட்டா இந்தப் பாத்தி யாருக்குப் போகும்?"

"யாருக்கு?"

"சில்லறக் கங்காணிக்கு. கேட்டு வச்சிருக்கான். அவனுக்கு நாலு ஆடு. என் வட்டக்கா என்னத்துக்கு ஆகும்? அதுக்குத்தான். அப்புறம், நான் பால் வெட்டப் போனா கொரங்கு வருது. நீங்க இருந்தா கல்லெடுத்து எறிவீங்க. ஹரியா?"

ஏழுமலை யோசித்தார். ஆடு உண்மை. சில்லறைக் கங்காணிக்கு ஆடு இருக்கிறது, நாலு. குரங்கும் உண்மை. ஆனால் நாலு ஆட்டுக்காக ஒருத்தி விடிய எழும்பி ஒரு பாத்தி முழுக்கக் கொத்துவாளா? இருக்காது. வேறு ஏதோ இருக்கிறது. என்ன என்றுதான் பிடிபடவில்லை.

"கத்திரிக்கு இப்பவே தண்ணி ஊத்தணும்" என்றாள் அவள். "புதுக்கன்னு. இன்னிக்கு என் முறையையும் நீங்களே புடிச்சுக்குங்க, என்னால நிக்க முடியல. பீலித் தண்ணி மாமா. அந்தப் பக்கம் போயிராதீங்க."

"சிரட்டையில தானா உறையுதா இல்லியா? அதுக்கு இன்னும் நீ பதில் சொல்லல."

"அனே, கடவுளே!"

"முதல் வாரம் கரும்பச்சையா எழும்புச்சே, அது என்ன? அதுவும் திராவகமா?"

அவள் வாசற்படியில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள். ஏழுமலை தகரத்தைத் தூக்கினார். பொம்மையைத் தாண்டிப் போகும்போது அதன் முகத்தை ஒரு கையால் பழையபடி ஏழாம் நம்பர்ப் பக்கம் பாதி திருப்பிவிட்டார்.

"ஒரு மூலையில ஒரே ஒரு மொளகாக் கன்னு வைக்கப்போறேன்" என்றார், திரும்பாமல். "அதுக்கு மட்டும் ஊத்திப் பாக்கப்போறேன்."

"எந்த மூலையில? மாமா, எந்த மூலையில?"

தகரம் காலில் இடிக்க இடிக்க அவர் பீலிப் பாதையில் இறங்கிப் போய்க்கொண்டிருந்தார்.